ஆழ்ந்த இறங்கல்

டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது கரண்டும் அவனுடைய மச்சானும் ஒரு படுக்கை விரிப்பின் இரு பக்கமும் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளையிலிருந்து விரிப்பு சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். "கட்டின பொண்டாட்டி கையக்கூட நான் இத்தனை தடவை புடிச்சதில்ல, அவ அண்ணன் கையத்தான் நாள் பூரா புடிச்சிட்டிருக்கேன்" என்பான் கரண்டு. மச்சான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

செய்தியை வாசலில் நின்று சொன்னது வண்டி தள்ளுகிறவர். மச்சானின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. அதை மறுபடி துவைக்கத்தான் போட வேண்டும். அவர் அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

"எப்பவாம்?" என்று மட்டும் கேட்டார்.

"காலைல அஞ்சு மணிக்கு. டிவில ஓடிட்டிருக்கு."

கரண்டு சொல்ல வாய்வரை வந்ததை மச்சானின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

அவனுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்ததே பழைய வேலையால்தான். ஒன்பது வருடம் நூற்பாலையில் மின்பணியாளனாக இருந்தவன். அந்த ஆலை மூடியபோது தொழில்துறை மந்திரியாக இருந்தவர்தான் டீச்சர். அரசியலுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் நாடே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வேலை இழந்தவர்கள் போய் நின்றபோது ஒரு மேடையில் அவர் சொன்னார்: "வேலைதானே போச்சு, கையா போச்சு?" கூட்டம் கைதட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கரண்டு அதை மறக்கவே இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் மச்சான் கையைக் காலைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டார்.

மச்சானுக்கு டீச்சர் என்றால் வேறு கதை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்தவர், வழி தவறிப் பின்வாசலால் சலவைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். ஆவியும் வெக்கையுமாக இருந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்றார். "இங்க எப்படி நிக்கிறீங்க?" என்று மச்சானிடம் கேட்டார். "பழகிப்போச்சும்மா." "இதெல்லாம் பழகவே கூடாது" என்றாராம். அடுத்த வாரம் சுவரை உடைத்து மேலே இரண்டு பெரிய காற்றாடிகள் வைத்தார்கள். அவற்றின் கீழேதான் கரண்டும் வேலை பார்த்தான். அதைச் சொல்லிக் காட்டினால், "ஒரு ஆலைய மூடிட்டு ரெண்டு ஃபேன் குடுத்தாங்க, நல்ல கணக்கு டீச்சர்தான்" என்பான். மச்சான் கோபித்துக்கொள்ளமாட்டார். "உன் வயித்தெரிச்சல் உனக்கு மாப்ள" என்பதோடு விட்டுவிடுவார்.

மச்சானுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கரண்டின் மனைவிக்கும் தெரியாது. இணையத்தில் அவனுக்கு 'கருநாக்கு' என்று ஒரு கணக்கு உண்டு. படத்துக்கு ஒரு காக்கை. ஆலை மூடிய வருடம் ஆரம்பித்தது. முதலில் புலம்பலாகத்தான் எழுதினான், யாரும் சீண்டவில்லை. பிறகு நக்கலாக எழுதிப் பார்த்தான். நாலாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். பகலெல்லாம் அடுத்தவர் படுத்த விரிப்பை மடிக்கிறவனுக்கு, தான் எழுதின இரண்டு வரிக்கு முகம் தெரியாதவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது சாதாரண விஷயமில்லை.

தேநீர் இடைவேளையில் மச்சான் கைபேசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தமிழில் தட்டச்ச அவருக்குக் கற்றுக்கொடுத்ததே கரண்டுதான். பூப் படம், காலை வணக்கம் என்று இணையத்தில் ஏதாவது போடுவார். போடுமுன் மாப்பிள்ளையிடம் காட்டிவிடுவார்.

"மாப்ள, உனக்கு அந்தம்மாவப் புடிக்காது, தெரியும். இருந்தாலும் எழுத்து மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக் குடு."

கரண்டு வாங்கிப் படித்தான்.

'டீச்சருக்கு ஆழ்ந்த இறங்கல். வெக்கையிள நின்ன எங்களுக்கு காத்து குடுத்தவங்க. நிம்மதியா தூங்குங்க டீச்சர்.'

இரங்கலை இறங்கலாக்கி வைத்திருந்தார். அது கண்ணில் பட்ட நொடியே கரண்டின் மண்டைக்குள் ஒரு வரி தானாகக் கோத்துக்கொண்டது. எழுத்தைத் திருத்த ஒரு நொடி போதும். விரல் அந்த இடத்துக்குப் போகவும் செய்தது. பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான்.

"சரியா இருக்கு மச்சான். போடுங்க."

மச்சான் போட்டார். கரண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் கைபேசியில் அந்தப் பதிவைப் படமாகப் பிடித்தான். பெயரையும் முகத்தையும் வெட்டிவிட்டான். பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டான். மேலே எழுதினான்:

'ஆழ்ந்த இறங்கலாம்! இறங்குங்க இறங்குங்க, பாத்து இறங்குங்க. டீச்சர் ஏற்கெனவே இறங்கிட்டாங்க. ஆழம் ஆறடிதான். கட்சிக்காரனுக்கு ர, ற சொல்லித்தர நேரமில்லாத டீச்சர்!'

சாப்பாட்டு நேரத்துக்குள் தொள்ளாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். சாயங்காலம் எண்ணிக்கை ஆயிரங்களில் நின்றது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் எடுத்துப் போட்டார்கள். 'இறங்கு இறங்கு' என்பதே அன்றைய பேச்சாகிவிட்டது. டீச்சரின் படம் எங்கே வந்தாலும் கீழே யாராவது 'பாத்து இறங்குங்க' என்று எழுதினார்கள். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது கரண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருவர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான்தான் எழுதினேன் என்று அவர்கள் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

மறுநாள் காலையில் அந்த ஆசை செத்தது.

யாரோ ஒருவன் 'வெக்கையிள' என்ற சொல்லைத் தேடிப் பார்த்திருக்கிறான். உலகத்தில் அதை அப்படி எழுதினவர் ஒரே ஒருவர்தான். மச்சானின் பக்கம் அகப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிச் சீருடையில் காற்றாடிக்குக் கீழே நின்று எடுத்த படம், கல்லூரிக்குப் போகும் மகளின் படம், எல்லாம் திறந்து கிடந்தன. ஒரே இரவில் எழுநூறு பேர் வந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"மாப்ள, ராத்திரியெல்லாம் போன் அதிர்ந்துக்கிட்டே இருக்கு. என்னமோ நெறைய பேர் எழுதியிருக்காங்க. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிச்சு முடியல. நீ படியேன்" என்றார் மச்சான். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. தன்னைப்போல இத்தனை பேர் அழுகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

கரண்டு படித்துப் பார்த்தான். "சும்மா ஏதேதோ எழுதியிருக்காங்க மச்சான். விடுங்க."

"ஏதேதோன்னா? படி."

"டீச்சர் நல்லவங்கன்னு..."

"மாப்ள, உன் மூஞ்சி அப்படிச் சொல்லலியே. உள்ளது உள்ளபடி படி."

கரண்டு பொறுக்கிப் பொறுக்கிப் படித்தான். அழுக்குத் துணி துவைக்கிறவனுக்கு அரசியல் எதுக்கு என்று ஒருவன். நீயும் அவளோடு சேர்ந்து இறங்கு என்று ஒருத்தி. மகளின் படத்துக்குக் கீழே இருந்ததை அவனால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. அதைத் தாண்டிப் போனான். டீச்சரின் கட்சிக்காரர் ஒருவர் எழுதியிருந்ததை மட்டும் முழுதாகப் படித்துத் தொலைத்தான். 'அண்ணே, தயவுசெஞ்சு இத எடுத்துடுங்க. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் தலைவிக்கே அசிங்கம்.'

மச்சான் அதற்குத்தான் தலைகுனிந்தார். மற்றதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"என்ன மாப்ள தப்பா எழுதிட்டேன்?"

"இரங்கல்னு வரணும் மச்சான். சின்ன ர. பெரிய ற போட்டா... கீழ எறங்குறதுன்னு அர்த்தம் வரும்."

"ஓ." கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாவு வீட்டுல போயி, எறங்குன்னு சொல்லியிருக்கேன்." பிறகு கரண்டின் தோளில் கை வைத்தார். "நீயும் பாத்தியே. உன் கண்ணுலயும் படலயா? சரி விடு, நேத்து எல்லாருக்கும் மனசு சரியில்ல."

கரண்டு "கவனிக்கல மச்சான்" என்றான்.

அன்று மத்தியானமே கருநாக்கில் போட்டதை அழித்தான். அழித்து என்ன? ஊர் முழுக்கப் பிரதி ஓடிக்கொண்டிருந்தது. 'அந்த மனிதரை விட்டுவிடுங்கள், அவர் சாதாரணத் தொழிலாளி, தயவுசெய்து அவர் பக்கத்துக்குப் போகாதீர்கள்' என்று எழுதினான். நாலாயிரம் பேரில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. 'எவ்வளவு வாங்கினே?' என்றார்கள். 'கருநாக்கு இறங்கிட்டான்' என்று அவன் நகைச்சுவையையே அவன்மேல் திருப்பி வீசினார்கள். அதைப் படித்தபோது வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அம்மா மச்சானை அறைக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் யார் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். சீருடையோடு அரசியல் பேசுகிறவனை வைத்திருக்கிறீர்களா என்று சிலர், எழுத்துத் தெரியாதவனுக்கெல்லாம் வேலையா என்று சிலர். "மேலிடத்து உத்தரவு. விஷயம் ஆறுற வரைக்கும் அழுக்குப் பிரிவுல இருங்க" என்றாராம்.

அழுக்குப் பிரிவு கூடத்தின் பின்பக்கம் தனியாக இருந்தது. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியைப் பிரித்து, ரத்தம் பட்டது தனி, மற்றது தனி என்று போட வேண்டும். யாரோ மறந்துபோய் விட்ட ஊசி எந்த மடிப்பில் இருக்கும் என்று தெரியாது. முகமூடி, முழங்கைவரை கையுறை. டீச்சரின் காற்றாடிகள் அந்தப் பக்கம் இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களைத்தான் அங்கே போடுவார்கள். மச்சான் பத்தொன்பது வருடம் முன்னால் அங்கிருந்து வெளியே வந்தவர்.

வீட்டில் கரண்டின் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பற்றி எழுதினவர்களில் அவள் வேரைப் பிடித்துவிட்டாள். "எல்லாத்துக்கும் மூலம் ஒரு நாய். கருநாக்காம். பேரப் பாரு. அவனுக்கெல்லாம் வீடுன்னு ஒண்ணு இருக்குமா? இவன் எழுதுறதப் பாத்துட்டு ஒரு பொம்பள இவனுக்குச் சோறு போடுவாளா?"

கரண்டு தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான்.

"எங்கண்ணன் ஏன் படிக்கல தெரியுமா உங்களுக்கு? அப்பா படுத்த படுக்கையா கெடந்தப்போ, ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் பள்ளிக்கூடம் போக முடியும்னு அம்மா சொன்னாங்க. தங்கச்சி போகட்டும்னுது. பதினோரு வயசு அதுக்கு. என் ர, ற எல்லாம் அது குடுத்தது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாசமாப் போவான். இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

"போடு" என்றான் கரண்டு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் மகள் வந்தாள். அத்தையைத் தேடி வந்ததாகச் சொன்னாள். அத்தை கடைக்குப் போயிருந்தாள். கூடத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வாய் ஓயாத பெண்.

"என்னம்மா, காலேஜ்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா?"

"அதெல்லாம் பரவால்ல மாமா." வாசலைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொன்னா அப்பாகிட்ட சொல்லமாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"அந்த இறங்கல் படம் வந்துச்சுல்ல, மொதல்ல. பேரு இல்லாம. அது எங்க கிளாஸ் குரூப்ல வந்துச்சு. நான் சிரிச்சேன் மாமா. நல்லாச் சிரிச்சேன். நானே நாலு பேருக்கு அனுப்பினேன்." அவளுக்கு உதடு துடித்தது. "அது எங்கப்பான்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. வீட்டுக்கு வந்தா அப்பா கேக்குறாரு, 'ஏம்மா, இரங்கல்னா எந்த ர?'ன்னு. நான் என்ன மாமா செய்யட்டும்? ஒரு வாரமா அவரு மூஞ்சியப் பாக்க முடியல. சோறும் உள்ள போகல."

தெரியாமல் அனுப்பினதற்கு அந்தப் பெண் ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். எல்லாம் தெரிந்தவன் இரண்டாம் முறை சோறு வாங்கித் தின்றிருக்கிறான். கரண்டு அவளுக்கு ஏதோ ஆறுதல் சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. "உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று ஒருமுறை சொன்னது மட்டும் நினைவிருந்தது. அதை நிஜமாகவே சொன்னான்.

திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் அழுக்குப் பிரிவுக்குப் போனான். மச்சான் முகமூடியோடு ஒரு மூட்டையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கையுறை போடாம உள்ள வராத" என்றார்.

கரண்டு போட்டுக்கொண்டான். மூட்டையின் மறுபக்கம் போய் நின்றான். "மச்சான், கருநாக்கு நான்தான்."

மச்சானுக்குப் புரியவில்லை. "யாரு?"

"அந்தப் படத்தப் போட்டவன். இறங்குங்க இறங்குங்கன்னு எழுதினவன். நான்தான் மச்சான். உங்க பேர வெட்டிட்டுத்தான் போட்டேன், ஆனா நான்தான் போட்டேன்."

மச்சான் கையில் இருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வெளியே இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்டு அடியை எதிர்பார்த்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

"அன்னிக்கு உன்கிட்ட காட்டினேனே," என்றார் மச்சான் மெதுவாக, "அப்பவே உனக்குத் தப்புன்னு தெரியுமா?"

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். அதற்கு மட்டும் பொய் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று கரண்டுக்குத் தெரிந்தது.

"தெரியும் மச்சான்."

மச்சான் தலையாட்டினார். துணியைப் பிரித்து உரிய தொட்டியில் போட்டார். அடுத்ததை எடுத்தார். "அந்தம்மா மேல உனக்குக் கோவம். அதுக்குக் காரணம் இருக்கு. அந்தம்மாவ நீ என்ன வேணாலும் எழுதியிருக்கலாம், நான் சண்ட போட்டிருப்பேன், மறந்திருப்பேன்." துணியின் மடிப்புகளை விரித்துப் பார்த்தார். "நான் உன்கிட்ட குடுத்துப் பாக்கச் சொன்னேன்."

"மச்சான்..."

"போ. வேலைக்கு நேரமாச்சு."

அன்றே கரண்டு ஒரு கடிதம் எழுதி மேற்பார்வையாளர் அம்மாவிடம் கொடுத்தான். படத்தை எடுத்தது, வேலை நேரத்தில் எடுத்தது, கழிப்பறையில் வைத்து எழுதியது, எல்லாம் அதில் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். "இதக் குடுக்கணும்னு உனக்கு யாரும் சொல்லல. குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?" "தெரியும்." "உறவுக்காரர்தானே அவரு?" என்று கேட்டார். கரண்டை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பிறகு ஆறு மாதம் அழுக்குப் பிரிவு. மச்சானை உருளைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

மனைவியிடம் சொன்னது அதைவிடக் கஷ்டம். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை நாளா நான் உங்களையா திட்டிட்டிருந்தேன்?"

"ஆமா."

"நான் நாசமாப் போவான்னு சொல்ல, நீங்க உக்காந்து சோறு கேட்டு வாங்கித் தின்னீங்க."

"ஆமா."

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தான். அவள் நறுக்கினதையெல்லாம் ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டு மூடிவைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். "அண்ணன்தான் போகச் சொல்லிச்சு. நானா வரல" என்றாள். அதற்கப்புறம் பேச்சு வந்தது, சிரிப்பு வரவில்லை. கருநாக்குக் கணக்கை அவள் எதிரிலேயே அழித்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருமகள் சொன்னதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிறகொரு நாள் அவளாகவே அப்பாவிடம் சொன்னாள் என்றும், அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார் என்றும் மனைவி மூலம் தெரிந்தது.

ஆறு மாதத்தில் ஒருமுறை ஊசி குத்தியது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வரும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்தான். அதே நாட்களில், அவன் ஓட்டுப் போட்டு வந்த கட்சியின் பெரிய தலைவர் ஒருவரும் இறந்துபோனார். இந்த முறை மறுபக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். கரண்டு ஒரு தடவை மட்டும் திறந்து பார்த்தான். யாரோ ஒரு அம்மா, அந்தத் தலைவர் தன் மகனைப் பார்க்க வந்த கதையைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார். கீழே மச்சானுக்குக் கிடைத்ததே அவருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தான். எழுத விரல் வரவில்லை.

மச்சான் அவனோடு பேசாமல் இல்லை. நல்லது கெட்டதுக்கு வீட்டுக்கு வந்தார். தங்கை கொடுத்த தேநீரைக் குடித்தார். சலவைக்கூடத்து நடையில் எதிரே பார்த்தால் நின்றார். அழுக்குப் பிரிவிலிருந்து கரண்டு வெளியே வந்த முதல் நாள், கைகழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்று சோப்பை நகர்த்திக் கொடுத்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

பன்னிரண்டு வருடமாக நீ, வா, போ, மாப்ள என்று கூப்பிட்ட வாய் அது. கரண்டு குழாயைத் திறந்தபடியே நின்றான்.

"சாப்பிட்டேன் மச்சான். நீங்க?"

"ஆச்சு. வரட்டுமாங்க" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு மச்சான் உள்ளே போனார்.